குருதி சொன்ன தீர்ப்பு: வாசர்மன் சோதனை வரலாறு

நோய்களுக்குப் பெயர் சூட்டியோர் பெரும்பாலும் மருத்துவர்களே. 'சிபிலிஸ்' என்னும் பெயரோ ஒரு கவிதையிலிருந்து வந்தது. வெரோனா நகரத்து மருத்துவரும் புலவருமான ஜிரோலமோ பிரகாஸ்டோரோ 1530இல் இலத்தீன் மொழியில் இயற்றிய நெடும்பாட்டில் சிபிலஸ் என்றோர் ஆயன் வருகிறான். கடும் வறட்சியில் தன் மந்தை மாளக் கண்டு வெகுண்ட அவன், கதிரவனை வணங்குவதை விடுத்து அரசனுக்குப் பலியிடுகிறான். சினந்த கதிரவன் விடுத்த நோயே அவன் பெயரைப் பெற்றது. நோயைத் தெய்வக் குற்றத்தின் தண்டனையாகக் காணும் நோக்கு இப்பெயரின் கருவிலேயே அமைந்துவிட்டது எனலாம்.

பிற நாட்டார் இதனை அண்டை நாட்டானின் நோய் என்றனர். இத்தாலியர் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரர் 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். தமிழ் வழக்கில் இது 'பறங்கி நோய்' ஆயிற்று. சித்த மருத்துவம் இதற்கு ஆண்ட மருந்துச் சரக்கு இன்றும் 'பறங்கிப்பட்டை' என்றே வழங்குகிறது. இலங்கையிலோ 'பறங்கி' என்ற சொல் யாஸ் என்னும் வேறொரு தோல்நோயைக் குறித்தது. இவ்விரு நோய்களின் கிருமிகளும் மிக நெருங்கிய உறவின. குருதிச் சோதனையால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. மக்கள் வாய்மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தது வியப்பிற்குரியது.

1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹோப்மனும் இந்நோயின் கிருமியை நுண்ணோக்கியில் கண்டனர். வெளிறிய, திருகிய, மெல்லிய உயிர் அது. புண் ஆறிய பின் உடலுக்குள் பல்லாண்டு மறைந்து வாழ வல்லது. அந்நிலையில் அதனை எங்கே தேடுவது? அடுத்த ஆண்டே ஆகஸ்ட் வாசர்மன், ஆல்பர்ட் நைசர், கார்ல் புரூக் ஆகிய மூவரும் குருதியையே வினவும் ஒரு முறையை வெளியிட்டனர். இம்மூவருள் நைசரின் கடந்த காலம் கறை படிந்தது. 1892இல் அவர் நோயாளிகளின் சீரத்தைப் பரத்தையர் சிலர் உடலில் அவர்தம் இசைவின்றிச் செலுத்தினார். அதனால் எழுந்த கண்டனத்தின் விளைவாகவே, ஆய்வுக்கு ஆட்படுவோரின் இசைவைக் கட்டாயமாக்கும் ஆணையைப் பிரஷ்ய அரசு 1900இல் பிறப்பித்தது.

சோதனையின் நுட்பம் ஐந்து உயிர்களை ஒரு கண்ணாடிக் குழாயில் கூட்டுவது. சூடேற்றிய நோயாளியின் சீரத்தோடு, இந்நோயால் இறந்து பிறந்த சிசுவின் ஈரல் சாற்றைக் கலப்பர். சீமைப் பெருச்சாளியின் சீரத்தைச் சேர்ப்பர். சிவப்பணுக்களை உடைக்க உதவும் 'காம்ப்ளிமென்ட்' என்ற பொருள் அதில் உண்டு. இறுதியில் ஆட்டின் சிவப்பணுக்களையும், அவற்றுக்கு எதிராக முயலின் உடலில் உருவாக்கிய எதிர்ப்பொருளையும் இடுவர். நோயுற்றவன் குருதியாயின் காம்ப்ளிமென்ட் முன்னரே செலவாகிவிடும். ஆட்டணுக்கள் உடையாமல் அடியில் தங்கும். நோயற்றவன் குருதியாயின் அவை உடைந்து, குழாய் முழுதும் தெளிந்த செந்நிறம் பரவும். சிவப்பு நற்செய்தி, கலங்கல் தீச்செய்தி.

சிசுவின் ஈரலில் கிருமிகள் நிறைந்திருப்பதால் எதிர்ப்பொருள் அக்கிருமியையே பற்றுகிறது என்று மூவரும் எண்ணினர். 1907இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் தோழர்களும், நோயே இல்லாத விலங்கின் இதயத்தை ஆல்ககாலில் ஊறவைத்தெடுத்த சாறும் அதே பயனைத் தருவதைக் காட்டினர். கிருமியே இல்லாத சாறு கிருமி நோயைச் சொல்கிறது! கோட்பாடு வீழ்ந்தது, சோதனை நிலைத்தது. அச்சாற்றின் செயற்பொருளை 1941இல் மேரி பாங்பார்ன் என்னும் அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்து, 'கார்டியோலிப்பின்' எனப் பெயரிட்டார்.

போலந்து மருத்துவர் லுட்விக் பிளெக் 1935இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை வேறொரு கண்ணால் காண்கிறது. தொடக்கத்தில் உறுதியான நோயாளிகளுள் 100க்கு 15 முதல் 20 பேரிடமே பயன் தந்த சோதனை, பின்னர் 70 முதல் 90 வரை உயர்ந்தது எவ்வாறு? எண்ணற்ற ஆய்வுக்கூடத்தார் கைகளின் பழக்கமே அதனைச் செம்மையாக்கியது என்கிறார் அவர். அதனினும் ஆழமானது அவருடைய மற்றொரு கருத்து: 'கெட்ட இரத்தம்' என்ற பழஞ்சொல் பல நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் இருந்தமையால்தான், குருதியில் விடை கிடைக்கும் என்ற விடாப்பிடி ஆய்வாளரிடம் நிலைத்தது. அறிவியலுக்கு முன்னோடியாக ஒரு மரபுத்தொடர் நின்றது என்பது, சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் நின்று நோக்கத்தக்கது. அந்நூல் அன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1979இல்தான் ஆங்கிலத்தில் வந்தது.

அதே தொடர் அமெரிக்காவில் கொடிய வடிவெடுத்தது. அலபாமா மாநிலத்து மேகன் வட்டாரத்தில் 1932இல் அரசு மருத்துவத் துறையினர் குருதிச் சோதனை வழியே தேர்ந்த கறுப்பின ஆடவர் 399 பேரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'உங்களுக்குக் கெட்ட இரத்தம்' என்றே சொன்னார்கள். தக்க மருத்துவம் அளிக்காமல் நோயின் போக்கை மட்டும் குறித்துவந்தனர். 1940களில் பென்சிலின் எங்கும் கிடைத்த பின்னும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972இல் செய்தித்தாள்கள் வெளிக்கொணரும்வரை 40 ஆண்டுகள் இது நடந்தது. அரசின் மன்னிப்பு 1997இல்தான் வந்தது.

வேறு வகையான துயரமும் உண்டு. 1935இல் கனெக்டிகட் மாநிலம் மணமக்கள் இருவர்க்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. பல மாநிலங்கள் பின்பற்றின. மலேரியா, தொழுநோய், லூபஸ் முதலியனவும் கலங்கலைக் காட்டக்கூடும் என்பதை மணப்பெண்ணின் தந்தைக்கு யார் விளக்குவது? சீட்டில் இருந்த ஒரு குறி ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பாகவே வாசிக்கப்பட்டது. அச்சட்டங்கள் 1980களிலிருந்து பெரும்பாலும் நீக்கப்பட்டன.

1946இல் உருவான வி.டி.ஆர்.எல். சோதனை வாசர்மனின் சிக்கலான முறையை ஓரங்கட்டியது. இன்று நம்மூர் மருத்துவமனைகளில் கருவுற்ற மகளிர்க்குச் செய்யப்படுவது பெரும்பாலும் அதுவோ அதன் வழிவந்ததோதான். உரிய காலத்தில் அறிந்து பென்சிலின் அளித்தால் சிசு காக்கப்படும். கிருமியையே நேராகக் குறிவைக்கும் புதிய சோதனைகள் நோய் தீர்ந்த பின்னும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் 'உண்டு' என்றே சொல்லும். மாட்டின் இதயச் சாற்றில் பிறந்த பழைய முறையிலோ, மருந்து வேலை செய்யச் செய்ய அளவு படிப்படியாக இறங்கும். குணமாகிவருவதைக் கண்டறிய மருத்துவர் இன்னும் அதனையே நாடுகின்றனர்.