இளைத்த குதிரையும் மாட்டுத் தீவன அறிவும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

சேலம், நாமக்கல் சமவெளியில் தீவனம் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரியாத வீடு குறைவு. கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு, எந்தப் புல்லை எத்தனை நாளில் அறுப்பது, முட்டைக்கோழிக்கு எந்தப் பருவத்தில் என்ன கலவை என்பதெல்லாம் இங்கே திண்ணைப் பேச்சு. ஆனால் மாட்டையும் கோழியையும் வைத்துத் திரண்ட இந்த அறிவு, இளைத்துப்போன குதிரையின் லாயத்தில் அப்படியே நுழையும்போது கெடுதல் செய்கிறது. குதிரை தேறாமல் போவதற்குத் தீனிக் குறைவைவிடப் பொருந்தாத் தீனியும் அவசரமுமே பெரிய காரணங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். தேற்றுவதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த மண்ணிலேயே விளைகிறது என்பது அதன் மறுபாதி.

ஜட்கா வண்டிகள் மறைந்தபோது அவற்றை ஓட்டியவர்களின் கைப்பழக்கமும் மறைந்தது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சம் மட்டுமே என்றது. 2012ஐவிட 45 விழுக்காட்டுக்கும் மேல் சரிவு. இன்று இங்கே குதிரை வைத்திருப்பவர்கள் ரேக்ளா பந்தயத்துக்காகவோ, கோயில், கல்யாண ஊர்வலங்களுக்காகவோ, ஆசைக்காகவோ வைத்திருக்கிறார்கள். அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடிச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் கைமாறுகின்றன. வாங்கிவருபவர்களில் பலர் மாடு வளர்த்துத் தேர்ந்தவர்கள். விலா எலும்பு தெரிந்தால் அவர்கள் கை தவிட்டு மூட்டைக்குப் போவது இயல்பு.

பொருந்தாத் தீனி கொடுக்கும் இந்தத் தவறு புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்கடந்து வரும் குதிரைகளுக்கு இங்கே சோறும் சமைத்த இறைச்சியும் கொடுப்பதையும் அவை விரைவில் மடிவதையும் எழுதினார். சற்றுப் பிந்திய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த தானியத்தை வெண்ணெயோடு கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலைப் புகட்டுவதாகக் குறிக்கிறார். ஆண்டுதோறும் புதுக் குதிரை விற்ற வணிகர்களின் வாய்வழிச் செய்தி இவற்றில் கலந்திருக்கலாம். நம் மண்ணின் வெக்கைக்கும் நோய்க்கும் அக்குதிரைகளைக் கொன்றதில் பங்குண்டு என்பதும் உறுதி. எனினும் இருவரும் ஒரே திசையைக் காட்டுகிறார்கள்: விலைமதிப்புள்ள விலங்குக்கு மனிதர் தம் விருந்துணவை ஊட்டியிருக்கிறார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் குதிரையின் குடல் நாருக்கென அமைந்தது.

மாடு முதலில் நொதிக்கவைத்துப் பிறகு செரிக்கிறது. குதிரை முதலில் செரித்துப் பிறகு நொதிக்கவைக்கிறது. அதன் இரைப்பை உடலுக்குச் சிறியது. உண்மையான வேலை குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை உடைக்கும் இடத்தில், நடக்கிறது. ஒரு வேளையில் மாவுச்சத்து அளவை மீறினால் சிறுகுடல் தாண்டி அங்கே வழிந்து புளிக்கும், அமிலம் ஏறும், வயிற்றுச்சூலையும் குளம்பு அழற்சியும் தொடரும். உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து வரை ஒரு வேளைக்குப் பாதுகாப்பு, 2 கிராம் உச்சவரம்பு என்று கொள்ளலாம். 265 கிலோ குதிரைக்கு முக்கால் கிலோ மக்காச்சோளமே அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். மாட்டுக்காரர் கண்ணுக்கு அது ஒரு கைப்பிடி போலத் தெரியும்.

எடையை எப்படி அறிவது? முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. உடல்நிலையை மதிப்பிட டெக்சாஸில் ஹென்னக்கி என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையான அளவுகோல் உண்டு. கழுத்து, திமில்மேடு, இடுப்பு, வால் அடி, விலா, தோளின் பின்புறம் ஆகிய 6 இடங்களைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். 5 நடுநிலை, 3க்குக் கீழே கவலைக்குரியது. 500 கிலோ குதிரை ஒரு படி ஏற 16 முதல் 20 கிலோ கூட வேண்டும். நம் 265 கிலோ குதிரைக்கு 9, 10 கிலோ. இதை ஒரு மாதத்தில் ஏற்ற முயல்வது வீண். இரண்டு, மூன்று மாதம் நியாயமான கெடு.

தீனியைத் தொடுமுன் காரணத்தைத் தேடியாக வேண்டும். கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்திபோல் வளர்ந்திருந்தால் குதிரை மென்று மென்று உருண்டையாகத் துப்பும். பல்லை அராவிவிடும்வரை எந்தத் தீனியும் உடம்பில் ஒட்டாது. குடற்புழுவுக்குச் சாணப் பரிசோதனை செய்து மருந்து கொடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மாதாமாதம் கொடுப்பது புழுவைத்தான் பழக்கும். நன்றாகத் தின்றும் உருகிக்கொண்டே வரும் குதிரைக்கு, விட்டுவிட்டுக் காய்ச்சலும் கால், அடிவயிற்று வீக்கமும் இருந்தால், இரத்தப் பரிசோதனை கட்டாயம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் முகம் அது. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் இந்நோய்க்கான நுண்ணுயிரை இரத்தத்தில் கண்டறிந்தார். அது இன்றும் இந்தியக் குதிரைகளை விட்டபாடில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்க, ஒரு துளி இரத்தம் பார்க்காமல் ஆறு மாதம் கொள்ளு வேகவைப்பது குதிரைக்குச் செய்யும் அநீதி.

நெடுநாள் பட்டினி கிடந்த குதிரையின் நிலை இன்னும் நுட்பமானது. அதற்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் இன்சுலின் பொங்கி, இரத்தத்திலுள்ள பாஸ்பரசும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, மூன்று முதல் ஐந்து நாட்களில் இதயமோ மூச்சோ நின்றுபோகலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் கண்ட வழி எளிமையானது: காய்ந்த குதிரை மசால் தீவனப் பயிரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ அளவில் மூன்று நாள், பிறகு மெல்லக் கூட்டி, பத்து நாளில் விரும்பிய அளவு. மசாலில் மாவுச்சத்து குறைவு, மக்னீசியமும் பாஸ்பரசும் உண்டு. அவர்கள் ஆராய்ந்தவை பெரிய குதிரைகள். நம் ஊர்ச் சிறு குதிரைக்கு வேளை அளவு அதற்கேற்பக் குறைய வேண்டும். முதல் வாரத்தில் உரிமையாளர் செய்யக் கூடியவற்றில் கடினமானது பொறுமைதான்.

இனி நம் ஊர்த் தீனிகள். எளிதாகக் கிடைப்பது தவிடு. 100 கிராம் அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் 1,400 மில்லிகிராமை ஒட்டியும், கால்சியம் 70 மில்லிகிராமை ஒட்டியும் இருக்கிறது. குதிரைக்குக் கால்சியமே கூடுதலாக வேண்டும். தலைகீழான இந்தக் கணக்கில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். அடுத்தது, வரப்பெல்லாம் நிற்கும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர்ப் புல். மாட்டுக்கு வரம். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடுகிறது. மாட்டின் முதல் இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. கொழுக்கட்டைப்புல்லும் இந்த வகையே. ஆஸ்திரேலியாவில் அப்புல்லை மட்டும் மேய்ந்த குதிரைகளுக்கு முக எலும்பு வீங்கி, மெல்ல முடியாமல் இளைத்த நோய் நன்கு பதிவானது. அப்புல் நிறைந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைக் குறைசொல்வதாக எண்ண வேண்டாம். காங்கேயம் மாட்டை உருவாக்கிய புல் அது. குதிரைக்கு அதுவே முழு மேவாகக் கூடாது என்பதுதான் செய்தி. தவிடும் நேப்பியரும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் கால்சியம் போகிறது. இங்கே பரவலாகக் காணப்படும் சேர்க்கை இதுதான் என்பது வருத்தம் தருகிறது. பச்சைச் சோளத்தட்டைத் தொடர்ந்து மேய்ந்த குதிரைக்குச் சிறுநீர்ப்பையும் பின்னங்காலும் கெடும் நோய் வரலாம். காய்ந்த தட்டு நாருக்குச் சரி, சத்துக்குப் போதாது.

மிகக் கொடியது கோழித் தீவனம். பண்ணைகள் சூழ்ந்த மாவட்டத்தில் மிச்ச மூட்டை மலிவாகக் கிடைக்கும். குஞ்சுத் தீவனத்தில் இரத்தக்கழிச்சல் தடுப்புக்காகச் சேர்க்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்றவை குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும். மோனென்சினில் குதிரைகளில் பாதியைக் கொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம். தீவனத்தில் கிலோவுக்கு 100, 120 மில்லிகிராம் கலந்திருந்தால், 265 கிலோ குதிரைக்கு நாலரை முதல் எட்டுக் கிலோ போதும். அதற்குக் குறைந்த அளவில் பிழைத்தாலும் இதயம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் ஃபியூமோனிசின் நஞ்சு குதிரையின் மூளையைக் கரைக்கும். கோழி தாங்கும் அளவைக் குதிரை தாங்காது. இந்த இரண்டிலும் ‘கொஞ்சமாகக் கொடுக்கலாம்’ என்ற சமரசத்துக்கு இடமே இல்லை.

மாறாக, நம் கையில் இருப்பவை என்ன? முதலில் கடலைக்கொடி. இலை உதிராமல், மண் தட்டி, பூஞ்சை ஏறாமல் காயவைத்த கொடியில் புரதமும் கால்சியமும் நிறைய. நேப்பியரால் இழப்பதை ஈடுகட்டும். அடுத்தது கொள்ளு. சென்னை மாகாணக் குதிரைப்படை வேகவைத்த கொள்ளில்தான் ஓடியது; பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஓசூரில் 1824இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணையே பின்னாளில் கால்நடைப் பண்ணையாயிற்று. கொள்ளில் புரதம் 22 விழுக்காடு. 100 கிராமில் கால்சியம் 287, பாஸ்பரஸ் 311 மில்லிகிராம் என ஏறக்குறைய சமநிலை. மக்காச்சோளத்தில் இவை 10க்கு 348. வேகவைத்தால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அழிகிறது. ஆனாலும் கொள்ளை வயிறு நிரப்பும் தீனியாகக் கருதக் கூடாது. கரைந்த தசையை மீட்க அது உதவும், நாருக்கு மாற்றாகாது.

265 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஆறு, ஆறரைக் கிலோ உலர்பொருள் இலக்காகலாம். அதில் நான்கு, ஐந்து கிலோ கடலைக்கொடி, காய்ந்த புல், கிடைத்தால் குதிரை மசால். மீதியில் ஒரு கிலோ கொள்ளை மூன்று வேளையாகப் பிரித்து, கல் உப்போடு கொடுக்கலாம். மேலும் ஆற்றல் வேண்டுமானால் தானியத்தைக் கூட்டாமல், 30 மில்லியில் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் 200 மில்லி வரை கடலையெண்ணெய் சேர்ப்பது என் பரிந்துரை. மாவுச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும் எண்ணெய் பெருங்குடலைப் புளிக்கவைக்காது.

ஏறிய உடலைக் காப்பது வேறு வேலை. கோடையில் சமவெளியின் பச்சை வற்றும்போது எடை சரிவதைத் தடுக்க, அறுவடையின்போதே கொடிப்போர் போட்டு வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடா பிடித்து எழுதிவைத்தால் கண்ணுக்குத் தெரியுமுன்பே சரிவு தெரியும். நாமக்கல் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் கோழிப் பண்ணைகளுக்குப் பூஞ்சை நஞ்சைச் சோதித்துத் தருகிறது; குதிரை வளர்ப்போர் தம் மூட்டையின் மாதிரியையும் அங்கே கொண்டுபோக வேண்டும், அவர்களுக்கென உள்ளூர்த் தீவனங்களின் ஆக்சலேட், கால்சிய அட்டவணை ஒன்றைக் கல்லூரி தமிழில் வெளியிட வேண்டும். உடல்நிலை 4ஐத் தொடும்வரை வண்டியும் ஓட்டமும் கூடாது, கையில் பிடித்து நடத்துவது மட்டும் போதும். நோயாலோ தளர்ச்சியாலோ தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பந்தயத் தேதி நெருங்கினாலும் அந்தச் சட்டம் தளர்வதில்லை.