விவிலியப் பெயர்களும் மொழிவழித் திரிபுகளும்

ஒரு மொழிக்குரிய இயற்பெயர் பிறிதொரு மொழியிற் புகுங்கால் இரு நெறிகளுள் ஒன்றைப் பற்றி நிற்கும். ஓசையைப் பேணிப் பொருளை இழத்தல் ஒன்று; பொருளைப் பேணி ஓசையை இழத்தல் மற்றொன்று. எபிரேய மொழியிற் பிறந்து பன்மொழிகளிலும் பரந்த விவிலியப் பெயர்கள் இவ்விரு நெறிக்கும் சிறந்த சான்றுகளாம்.

யெஹோஷுவா என்னும் எபிரேயப் பெயர் பிற்காலத்தில் யேஷுவா எனக் குறுகிற்று. கிரேக்கத்தில் ஷகர ஓசை இல்லை. ஆண்பாற் பெயர்கள் பெரும்பாலும் ஸகர ஒற்றில் முடிவன. ஆகவே அப்பெயர் அங்கு இயேசூஸ் ஆயிற்று. மோசேக்குப் பின் இசுரவேலரை நடத்திய தலைவனுக்கும் நாசரேத்தூர் இயேசுவுக்கும் கிரேக்கத்தில் வழங்கியது இவ்வொரு பெயரே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, எபிரேயர் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் முன்னவனைக் குறிக்குமிடத்தும் பின்னவர் பெயரையே பெய்தது. கற்பார்க்கு மயக்கம் விளைத்த இவ்வழு 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலே நீக்கப்பட்டது. பெயரின் திரிபு நூற்பொருளையே மாற்றவல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

யாக்கோபு என்னும் பெயரின் வரலாறு இன்னும் வியப்புடையது. அது கிரேக்கத்தில் யாக்கோபொஸ் எனவும் இலத்தீனில் யாக்கோபுஸ் எனவும் நின்றது. இலத்தீனின் பிற்கால வழக்கில் பகரம் மகரமாகத் திரிய, அதனின்றும் ஆங்கில ஜேம்ஸ் தோன்றிற்று. ஐபீரிய நாடுகளிலோ அப்பெயர் யாகோ எனக் குறுகித் தூயர் என்னும் அடைமொழியோடு ஒன்றிச் சந்தியாகோ ஆயிற்று. போர்த்துக்கேயரோடு கீழ்த்திசை வந்த இவ்வடிவமே தமிழிற் சந்தியாகப்பர் என வழங்கலாயிற்று. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 17ஆம் நூற்றாண்டிற் பாடிய பிரபந்தத்தின் பெயர் சந்தியோகுமையோர் அம்மானை என்பது. ஈற்றிலுள்ள மையோர், பெரியவர் எனப் பொருள்படும் அயன்மொழி அடையே. எபிரேயத்தில் தோன்றிய ஒரு பெயர் நான்கு மொழிகளைக் கடந்து ஈழத்துச் செய்யுளில் வந்தமர்ந்தது.

தமிழகத்தும் ஈழத்தும் கத்தோலிக்கர் ஓசைநெறியோடு பொருள்நெறியையும் கைக்கொண்டனர். சூசையப்பர் என்பது போர்த்துக்கேய ஒலிப்பைத் தழுவியது. கல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயர் இராயப்பர் எனவும், சிறியவன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் சின்னப்பர் எனவும், இறையருளைச் சுட்டும் எபிரேயப் பெயர் அருளப்பர் எனவும் மொழிபெயர்க்கப்பட்டன. வீரமாமுனிவர் தேம்பாவணியிற் சூசையை வளன் என்றும், திருமுழுக்கு அருளப்பரைக் கருணையன் என்றும் பெயரிட்டமையும் இந்நெறியின்பாற் படும். இது விவிலியத்துக்குப் புறம்பான செயலன்று. கேபா என்னும் அரமேயப் பெயரைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துக் காட்டும் முறை யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலேயே உண்டு.

1714-15ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிற் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு முதலாகத் தொடர்ந்த சீர்திருத்தச் சபையாரின் மரபு மூலமொழிகளின் ஓசையை நாடிற்று. பேதுரு, பவுல், யோவான் என்பன அம்மரபில் நிலைத்தவை. எனினும் தமிழ் இலக்கணம் தன் உரிமையை விடவில்லை. யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறுயிரோடு மட்டுமே மொழிமுதலாகும் என்பது நன்னூல் விதி. யோவான், யூதா என்பன விதிக்கு அமைந்தன. இயேசு என இகரம் பெற்றதும், எருசலேம், எரேமியா என யகரம் நீங்கியதும் அவ்விதியோடு பொருந்துவன. யெகோவா என்பது விதியைக் கடந்து நின்றது. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்டு 1850இல் வெளியான மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணைபுரிந்தமை, இப்பணியிற் சைவப் புலமையும் பங்குகொண்டதைக் காட்டும்.

இவ்வாறு ஒருவரையே ஒரு சபையார் இராயப்பர் என்றும் மற்றொரு சபையார் பேதுரு என்றும் வழங்கினர். ஓரூரில் வாழ்ந்தோரையும் பெயர்கள் பிரித்தன. இரு சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு பேதுரு, யோவான் முதலிய வடிவங்களையே ஏற்றது. அதனால் ஒற்றுமை வளர்ந்தது. ஆயின், தமிழர் கேட்டவுடன் பொருளுணர்ந்த பெயர்கள் நூல்வழக்கினின்றும் நீங்கின. அவை கோயிற் பெயர்களிலும் மக்கட் பெயர்களிலும் இன்றும் வாழ்கின்றன. அவற்றைத் திரிபென்று தள்ளாது, ஒரு மொழி அயற்பொருளைத் தன்னதாக்கிக் கொண்ட வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றுதல் அறிஞர் கடனாகும்.