சுவா: பசிபிக் கடலில் ஒரு தலைநகரம்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் 300க்கும் மேற்பட்ட தீவுகளே ஃபிஜி நாடு. அதன் தலைநகர் சுவா, விட்டி லெவு தீவின் தென்கிழக்குக் கரையில் உள்ளது. இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே காலை 6.30. நாம் உறங்கப் போகையில் அவர்கள் ஃபஜ்ரு தொழுது முடித்திருப்பார்கள்.

முதலில் லெவுகாதான் தலைநகராக இருந்தது. முன்னே கடல், பின்னே செங்குத்தான மலை; ஊர் வளர இடமில்லை. எனவே 1882ல் ஆங்கிலேயர் தலைநகரை சுவாவுக்கு மாற்றினர். பவளப்பாறைகள் அலைகளைத் தடுக்கும் இயற்கைத் துறைமுகம் இது. மழைதான் கொஞ்சநஞ்சமல்ல, ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையைப் போல இருமடங்கு.

1870களில் சுவாவில் கரும்பு பயிரிட்டுப் பார்த்தார்கள், மண் ஒத்துவரவில்லை. மேற்கே லவுடோகாவிலும் வடக்கே லம்பாசாவிலும்தான் அது நிலைத்தது. அந்தத் தோட்டங்களுக்காக 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மித்' ஆயிற்று. 1903 முதல் சென்னை வழியாகத் தமிழர், தெலுங்கர், மலையாளிகளும் போனார்கள். சுவாவுக்கு எதிரே உள்ள நுகுலாவ் தீவில் தனிமைப்படுத்தி வைத்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பாரதியார் பாடிய கரும்புத் தோட்டத்துப் பெண்களின் கண்ணீர் இந்த நாட்டில் சிந்தியதுதான்.

அந்தக் கப்பல்களில் முஸ்லிம்களும் இருந்தனர். கல்கத்தா வழியாக வந்தவர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். மலபாரிலிருந்து வந்தவர்கள் ஷாஃபிஈகள். ஆலிம்களோ மதரஸாவோ இல்லாத கூலி லயன்களில் அவர்கள் மார்க்கத்தை எப்படிக் காத்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1926ல் சுவாவின் டூராக் பகுதி ஜாமிஆ பள்ளிவாசலில் ஃபிஜி முஸ்லிம் லீக் உருவானது. அது இன்று பள்ளிக்கூடங்களையும் நடத்துகிறது. பேச்சுமொழி ஃபிஜி இந்தியாகிவிட்டது, தொழுகை மாறவில்லை. நாட்டு மக்களில் முஸ்லிம்கள் சுமார் 6 சதவீதம்தான், ஆனாலும் மீலாது நபி அங்கே அரசு விடுமுறை.

இன்றைய சுவாவின் வருமானம் துறைமுகச் சரக்கு, சூரை மீன், ஆயத்த ஆடை, அரசு அலுவலகங்கள், 1968ல் தொடங்கிய தென் பசிபிக் பல்கலைக்கழகம் ஆகியவற்றால் வருகிறது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மேற்கே நாடிப் பக்கமே போய்விடுகிறார்கள்; மழை காரணமாக இருக்கலாம்.

1987 ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு இந்திய வம்சாவளியினர் பல்லாயிரம் பேர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று குடிபெயர்ந்தனர். கொள்ளுத்தாத்தா ஒரு கடல் கடந்தார். பேரப்பிள்ளைகள் இன்னொரு கடல் கடந்தார்கள்.