காவற் பொறுப்பின் எல்லை

பொருளைப் பிறரிடம் ஒப்படைப்பது வேறு. பொறுப்பை ஒப்படைப்பது வேறு. காணி உறுதியாயினும் இன்றைய மின்பதிவாயினும், அதனைக் காக்கும் பணி பலரிடையே பகிரப்படும்போது, எவர் கடமை எங்கே முடிகின்றது என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு இலங்கையின் ஆவணப் பேணல் வரலாறு ஒன்றுக்கொன்று மாறான இரு விடைகளைத் தருகின்றது. ஒன்று 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். மற்றையது 2023இல் அரச முகிற் கணிமையில் நேர்ந்த இழப்பு.

ஆலையடிவேம்பில் ஒருவர் தம் வளவையோ வயலையோ நொத்தாரிசு முன்னிலையில் விற்கும்போது எழுதப்படும் உறுதி ஒரு பிரதியோடு நின்றுவிடுவதில்லை. மூலம் உரியவர் கையைச் சேரும். இணைப்பிரதியை அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு நொத்தாரிசு அனுப்புதல் வேண்டும். இன்னொரு பிரதி அவருடைய சொந்தக் காப்பில் இருக்கும். எனினும் காணியை வாங்கியவரும் வாளாவிருத்தலாகாது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, உறுதியைப் பதிவு செய்விக்காதவர், அதே காணியை வஞ்சனையின்றிப் பெறுமதி கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவருக்கு எதிரில் தம் உரிமையை இழக்க நேரும். நொத்தாரிசு, பதிவகம், உரிமையாளர் என்னும் மூவருக்கும் கடமை தனித்தனியே வரையறுக்கப்பட்டுள்ளமை இம்முறையின் சிறப்பாகும்.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி இம்முறைக்குப் பெருஞ் சோதனை நேர்ந்தது. ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. கரையோர வீடுகளோடு அவற்றில் வைத்திருந்த உறுதிகளும் கடலோடு போயின. பதிவான உறுதிக்கு உரியவர் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற வழி இருந்தது. பதியாத கைக்காகிதத்தை நம்பியிருந்தவருக்கு அவ்வழி இருக்கவில்லை. பிரதி மூலத்துக்கு அப்பால், வேறோர் இடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பதே அப்பேரழிவு உணர்த்திய பாடம்.

இனி, முகிற் கணிமையை நோக்கலாம். தம் தரவைப் பிறர் நடத்தும் கணினிகளில் வாடகைக்கு வைத்தலே இதன் அடிப்படை. அமெரிக்கத் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2011இல் இச்சேவையை மூவகைப்படுத்தியது. வெறும் கணினி வளத்தைப் பெறுதல் ஒன்று. நிரல் எழுதி இயக்கும் தளத்தைப் பெறுதல் மற்றொன்று. மின்னஞ்சல் போன்ற முடிந்த சேவையைப் பெறுதல் மூன்றாவது. முதல் வகையில் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதும் வாடிக்கையாளர் கடமையே. மூன்றாம் வகையில் அது வழங்குநரைச் சாரும். ஆயினும் எவ்வகையிலும் வாடிக்கையாளரை விட்டு நீங்காதவை சில உள. எத்தரவை ஒப்படைப்பது, எவருக்கு அனுமதி அளிப்பது, கடவுச்சொல்லை எவ்வாறு காப்பது என்பன அவை.

2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி லங்கா அரச முகில் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டபோதிலும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் அழிந்தன. இணைப்பில் இருந்த காப்புப்பிரதியும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பயன்பட்ட மென்பொருளாகிய மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013க்கான ஆதரவை அதன் உற்பத்தியாளர் அவ்வாண்டு ஏப்பிரல் 11ஆந் திகதியே நிறுத்தியிருந்தனர். 2021 முதல் திட்டமிட்ட மேம்படுத்தல் நிதித் தட்டுப்பாட்டாலும் நிருவாக முடிவுகளாலும் பிற்பட்டதென, பொறுப்பான தகவல், தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் விளக்கியது. முன்னைய வாரங்களிற் பயனாளருக்கு ஐயத்துக்கிடமான இணைப்புகள் வந்திருந்தன என்றும் கூறப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் இரு தரப்பின் எல்லைகளும் தெளிவாகத் தெரிகின்றன. பழைய மென்பொருளை மாற்றுதல் எந்த அலுவலகத்தின் கையிலும் இல்லை. அது முழுவதும் வழங்குநரின் கடமை. ஐயுறத்தக்க இணைப்பைத் திறவாமை பயனாளரின் கடமை. காப்புப்பிரதியோ இவ்விரு தரப்புக்கும் இடையில் நிற்பது. அதனை வழங்குநர் எடுக்கலாம். ஆயின் அது இழந்தபின் வெறுங்கையோடு நிற்பது அலுவலகமும் அதனை நாடிய குடிமக்களுமே.

பிரான்சிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2021 மார்ச் 10ஆந் திகதி ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் தீக்கிரையானபோது, வாடிக்கையாளர் ஒருவரின் மூலத் தரவோடு ஒரே கட்டடத்தில் இருந்த காப்புப்பிரதியும் எரிந்தது. ஒப்பந்தம் பிரதியைத் தனிமைப்படுத்தி வைப்பதாகக் கூறியிருந்தமையால், 2023இல் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தப் பணித்தது. எழுத்தில் இருந்த ஒரு சொல்லே அவ்வாடிக்கையாளருக்கு அரணாயிற்று. எனினும் நட்டஈடு தரவை மீட்டுத் தந்துவிடாது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவைக் கையாளும் நோக்கத்தையும் வழியையும் தீர்மானிப்பவரையும், அவர் சார்பில் அதனைக் கையாள்பவரையும் வேறுபடுத்தியே கடமைகளை விதிக்கின்றது. சட்டம் எல்லையை வரையலாம். ஒவ்வொரு பிரதேச செயலகமும், பாடசாலையும், கூட்டுறவுச் சங்கமும் தம் ஒப்பந்தத்தில் அவ்வெல்லையைத் தேடிப் படித்தல் வேண்டும்: பிரதியை எடுப்பவர் யார், அது எங்கே உள்ளது, மீட்டுப் பார்த்த நாள் எது என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

1907இன் சட்டம் எழுதப்பட்ட காலத்திற் கணினி இல்லை. ஆயினும் ஒருவர் தவறினும் உரிமை அழியாதிருக்க, பிரதிகள் மூவர் கையிற் பிரிந்திருக்க வேண்டும் என்பதை அது அறிந்திருந்தது. காணிக்கு அன்று வகுத்த அவ்விதியை, மக்களின் பதிவுகள் முகிலுக்கு ஏறும் இக்காலத்திற் கைவிடுதல் முறையன்று.