உடைமை யாருடையது, உழைப்பு யாருக்கு? முதலாளித்துவமும் சோசலிசமும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பார்வை

எமது நாட்டின் முழுப்பெயர் இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு. இப்பெயரை வழங்கியது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதைக் கொண்டுவந்ததோ, 1977இல் திறந்த பொருளாதாரத்தை அறிமுகப்படுத்திய ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அரசாங்கம். ஆகவே பெயரை வைத்து ஒரு பொருளாதார முறைமையை அறிய முடியாது. உற்பத்திச் சாதனங்கள் யாருக்குச் சொந்தம், உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடிப்படை வேறுபாடு

முதலாளித்துவத்தில் காணி, ஆலை, இயந்திரம் ஆகியவை தனியார் உடைமை. அவை இல்லாதவர் தமது உழைப்புச் சக்தியைக் கூலிக்கு விற்கிறார். கூலிக்கு மேலாகத் தொழிலாளி உருவாக்கும் பெறுமதியே உபரி என்றும், அது முதலாளியைச் சேர்கிறது என்றும் கார்ல் மார்க்ஸ் விளக்கினார். முதலீடு செய்து நட்ட அபாயத்தை ஏற்பவருக்கே இலாபம் உரியது என்பது முதலாளித்துவ ஆதரவாளரின் பதில்.

சோசலிசம் உற்பத்திச் சாதனங்களைப் பொது உடைமையாக்கக் கோருகிறது. குடியிருக்கும் வீட்டையோ ஓடும் சைக்கிளையோ அது கேட்பதில்லை.

அரச உடைமை

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அரச நிறுவனம். பலருக்கு நிரந்தர வேலை கொடுத்தது. ஆனால் முடிவுகள் கொழும்பிலேயே எடுக்கப்பட்டன. 1990இல் போரால் அது மூடப்பட்டது. அரசுக்குச் சொந்தமானது எல்லாம் தொழிலாளரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை என்பதற்கு இது உதாரணம்.

சிறு விவசாயி

சொந்தத் தோட்டத்தில் குடும்பத்தோடு பாடுபடும் வலிகாமத்து விவசாயி முதலாளியுமல்ல, கூலியாளுமல்ல. 1970 முதல் 1977 வரை இடதுசாரிகள் பங்கேற்ற அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் அவருடைய வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. சந்தை திறக்கப்பட்டதும் அந்தப் பாதுகாப்புப் போய்விட்டது. காணி சொந்தமாக இருந்தும் விலை அவர் கையில் இருக்கவில்லை.

கூட்டுறவு

சீவல் தொழிலாளி ஏறும் பனை பெரும்பாலும் வேறொருவருடையது. முன்பு தவறணைக் குத்தகைக்காரரே கள்ளின் விலையைத் தீர்மானித்தார். சாதி ஒடுக்குமுறையும் சேர்ந்து அவரை அழுத்தியது. 1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளரையே அங்கத்தவராக்கி, விற்பனையைச் சங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தன. மிஞ்சிய கள்ளைச் சாராயமாக்கத் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. 1936இல் தொடங்கிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையும் இதே வழியில் வந்ததுதான். இங்கே உடைமை அரசிடமும் இல்லை, தனி முதலாளியிடமும் இல்லை. ஆனாலும் அங்கத்தவர் கூட்டங்களுக்கு வராமல், கணக்குக் கேட்காமல் விட்டால் சங்கம் சிலரின் கைக்குள் போய்விடும்.

போருக்குப் பின்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களிடம் காணி உறுதி இருந்தது, காணி இருக்கவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் தோட்டத்தை இழந்த பலர், பிறருடைய தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். தனியுடைமையைக் காக்கும் சட்டம் உள்ள நாட்டிலேயே உடைமையாளர் கூலியாளானார். பொதுத்தேவை என்ற பெயரில் காணி எடுக்கப்படும்போது அது சோசலிசமாகிவிடாது. பயன்பாட்டில் மக்களுக்குப் பங்கும், முடிவில் குரலும் இருந்தால்தான் அது பொது உடைமை.

இன்று வடக்குக்கு முதலீடு வருகிறது என்று சொல்லப்படும்போது நாம் கேட்கவேண்டியவை மூன்று. காணி யாருடைய பெயரில் இருக்கும்? வேலை நிரந்தரமா, நாட்கூலியா? இலாபத்தில் எவ்வளவு இங்கே தங்கும்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் கிடைக்கும்வரை, திட்டத்தின் பெயர் எதுவானாலும் கையெழுத்திட அவசரப்படத் தேவையில்லை.