மூங்கிலின் இடத்துக்கு வந்த கண்ணாடி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்றொரு ஊர். அங்கே 1897-ல் தொழில் தொடங்கிய வில்லியம் ஷேக்ஸ்பியருக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் தூண்டில் ரீல் செய்தவர். அரை நூற்றாண்டு கழித்து, அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான் ‘வொண்டர்ராட்’ என்ற ஃபைபர்கிளாஸ் தூண்டில் கம்பைக் கடைகளுக்கு அனுப்பியது.

அதை உருவாக்கியவர் ஆர்தர் ஹோவால்ட். ஒஹையோவின் டொலீடோ நகரில் பிளாஸ்டிக் பிசின் ஆராய்ச்சியில் இருந்தவர். 1944-ல் மீன்பிடிக்கப் போன இடத்தில் அவருடைய மூங்கில் கம்பின் நுனி முறிந்தது, போர்க்காலத்தில் மாற்று கிடைக்காததால் கண்ணாடியிழையைப் பிசினில் தோய்த்துத் தானே ஒரு நுனி செய்துகொண்டார் என்று சொல்வார்கள். கண்ணாடியை நூலாக இழுக்கும் வித்தை ஒஹையோவில் 1930-களிலேயே கைவந்துவிட்டது. அந்த நூலும் பிசினும் சேர்ந்த பொருள் போர் விமானங்களுக்கும் போனது. தூண்டிலுக்கு வரவேண்டியதுதான் பாக்கி.

அதுவரை ராஜ்ஜியம் மூங்கிலுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கம்பு செய்பவர்கள் இந்தியாவிலிருந்து போன ‘கல்கத்தா’ மூங்கிலைத்தான் பிளந்து, சீவி, ஆறு பட்டைகளாக ஒட்டினார்கள். பிறகு சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளையும் ‘டோங்கின்’ மூங்கில் அதை ஓரங்கட்டியது. 1950-ன் இறுதியில், கொரியப் போரை ஒட்டி, சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டது. அது விலக இருபது ஆண்டுகள் ஆயின. மூங்கில் பட்டறைகள் இருப்பில் இருந்ததைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருக்க, கண்ணாடிக் கம்பு ஊரெல்லாம் பரவியது.

செய்முறை எளிது. நுனி சிறுத்த எஃகுக் கம்பியின் மேல் பிசினில் ஊறிய கண்ணாடித் துணியைச் சுருட்டி, வெளியே செலோஃபேன் நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, எஃகை உருவிவிடுவார்கள். நாடா பதிந்த வரிகளைச் சிலர் தேய்த்து எடுக்காமலே விற்றார்கள். அந்தக் காலக் கம்பு ஒன்றைத் தடவினால் திருகுத் திருகாக வரிகள் இன்றும் விரலில் நெருடும்.

பெரிய பொய்யிரை வீசுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். மாசசூசெட்ஸின் கேப் காட் கடற்கரையில் 1940-களில் பாப் பாண்டும் ஸ்டான் கிப்ஸும் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ மீனுக்காக மரத்தில் கடைந்த இரைகள் கனமானவை. அந்தக் கனத்தை நாளெல்லாம் வீசினால் மூங்கில் வளைந்தபடியே நின்றுவிடும். உப்புத்தண்ணீரும் அதற்கு ஆகாது. கண்ணாடி நன்றாக வளைந்தாலும் நிமிர்ந்துவிடும், ஈரத்துக்கு அசையாது.

விஸ்கான்சின் ஏரிகளில் கதை வேறு. அங்கே தேடப்படுவது மஸ்கி. பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று பெயரெடுத்த மீன். அதற்கான ‘சூயிக்’ போன்ற மரப்பலகை இரைகளை வெடுக்கென்று இழுத்து முக்க வேண்டும். அதனால் மஸ்கிக்காரர்கள் ஐந்தரை அடிக்குள் தடித்த, விறைத்த கண்ணாடிக் கம்புகளை வைத்திருந்தார்கள். பில்லியர்ட்ஸ் கோல் என்றே அவற்றைக் கேலி செய்வார்கள். கண்ணாடி என்றாலே தொளதொளப்பு என்பவர்கள் இவற்றைப் பிடித்துப் பார்க்காதவர்கள். இழை மட்டுமல்ல, சுவரின் தடிமனும் அடியிலிருந்து நுனிக்குக் கம்பு சிறுக்கும் விதமும் சேர்ந்துதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

1970-களின் முற்பாதியில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கம்பைக் கொண்டுவந்தது. கண்ணாடியைவிட மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. எட்டு, ஒன்பது அடிக் கம்பை நாள் முழுக்க வீசுகிறவருக்கு அது பெரிய விஷயம். கண்ணாடி பரண் ஏறியது. ஆனால் கார்பன் இழை கொஞ்சம் நீண்டாலே அறுந்துவிடும். கண்ணாடி அதைவிட இரு மடங்குக்கு மேல் நீண்டு தாங்கும். படகின் விளிம்பில் இடித்தாலும் எளிதில் நொறுங்காது. 1976-ல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் இரண்டையும் கலந்து ‘அக்லி ஸ்டிக்’ என்று ஒன்றை விட்டது. பெயரில் அழகில்லை, விற்பனைக்குக் குறைவில்லை.

சுத்தக் கண்ணாடிக்கு மறுவாழ்வு தந்தவர்கள் ‘கிராங்க்பெய்ட்’காரர்கள், அதாவது ஒரே சீராகச் சுற்றி இழுக்கும் முக்கொக்கிப் பொய்யிரையை வீசுகிறவர்கள். 1993-ல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் மீன்பிடிப் போட்டியை வென்ற டேவிட் ஃப்ரிட்ஸ் அந்த இரையில் கைதேர்ந்தவர், கண்ணாடிக் கம்புக்காக வாதாடியவர். கார்பன் கம்பில் மீன் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிடுகிறது. பதற்றத்தில் சுண்டினால் முக்கொக்கித் தூண்டில் வாய்க்குள் போகுமுன்பே வெளியே வந்துவிடும். கண்ணாடி சற்றே தாமதிக்கும். மீன் உதறும்போது வளைந்தும் கொடுக்கும்.

எனவே கனமான, முக்கொக்கி தொங்கும், ஒரே சீராகச் சுற்றி இழுக்கும் இரை என்றால் இன்றும் கண்ணாடியோ, அது கலந்த கம்போதான் சரி. கைப்பிடிக்கு மேல் அச்சிட்ட எடை வரம்பை முதலில் பார்க்க வேண்டும். இரையின் எடை அதன் நடுவில் விழுவது நல்லது. வெடுக்கென்று இழுக்கும் இரைக்கும், ஒற்றைக் கொக்கியை அழுத்திக் குத்தவேண்டிய ரப்பர் இரைக்கும் காசைக் கார்பனில் போடலாம்.