நாக்குக்கு எட்டாத மருந்து

திட்டக்குடி பக்கம் சொறி சிரங்குன்னு வர்றவங்க, சீட்டு வாங்கிட்டு எழும்போது கேட்பாங்க: "சார், இதே களிம்பை வீட்டு நாய், பூனைக்கும் தடவலாமா?" நான் மனுஷங்களுக்கு டாக்டர். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி சுவாரசியமான ஒரு வரலாறு இருக்கு மக்களே. குட்டி த்ரெட்.

நாய்க்கு அரிப்புன்னா வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், கந்தகம்னு பழைய வைத்தியம் பெரும்பாலும் மேல்பூச்சுதான். (சிலர் வண்டியோட வேஸ்ட் ஆயிலையே ஊத்துறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம்!) சிக்கல் என்னன்னா, ரோமம் மருந்தைத் தோலைத் தொட விடாது. மீறித் தொட்டதையும் நாய் நக்கிடும். தோலுக்குப் போட்டது வயித்துக்குப் போயிடும்.

அப்போ உள்ளேயே கொடுத்துட்டா? கார்டிசோன் ஆராய்ச்சிக்கு 1950ல நோபல் கிடைச்சது. அந்த வழியில வந்த ஸ்டீராய்டு மாத்திரைகள் அரிப்பைச் சட்டுனு நிறுத்தும். ரொம்ப நாள் கொடுத்தா தாகம், பசி, ஓயாத சிறுநீர், தொற்று.

அடுத்து ஐவர்மெக்டின். ஜப்பான்ல சதோஷி ஓமுரா எடுத்த மண்ணுல இருந்த நுண்ணுயிரி, மெர்க் கம்பெனியில வில்லியம் கேம்பல் குழு கையில மருந்தாச்சு. 1981ல கால்நடைகளுக்கு வந்தது. 2015ல ரெண்டு பேருக்கும் நோபல். சொறிப் பூச்சியை ஊசியாலயே கொல்லலாம். ஆனா கோலி வகை நாய்கள் சிலதுக்கு மரபணுக் குறையால இது மூளைக்குள்ள போயிடும். ஆட்டுக்கு வாங்கின ஊசியை நாய்க்குக் குத்தாதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு 1990கள்ல வந்த ஸ்பாட்-ஆன். பிடரியில, நாக்கு எட்டாத இடத்துல, ரோமத்தை விலக்கிச் சில சொட்டு. அவ்ளோதான்! ஃபிப்ரோனில் தோல் எண்ணெயோட உடம்பெல்லாம் பரவும். 1999ல வந்த செலாமெக்டின் தோல் வழியா ரத்தத்துக்கே போகும்.

இங்கதான் முக்கியமான விஷயம். நாய்க்கான சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கு. உங்களுக்கு நான் எழுதித் தர்ற சிரங்கு க்ரீமும் பல நேரம் அதேதான், 5%. பூனையோட கல்லீரலால அதைச் சரியா உடைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். மருந்து போட்ட நாயை நக்கினாலே பூனைக்கு ஆபத்து.

இப்போ அலர்ஜி அரிப்பு உள்ள நாய்க்கு லோகிவெட்மாப்னு ஒரு ஆன்டிபாடி ஊசி இருக்கு. அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோற இன்டர்லூகின்-31ஐப் பிடிச்சுக்கும், சுமார் ஒரு மாசம் தாங்கும். பூச்சியை மட்டும் இது கொல்லாது. அதனாலதான் கால்நடை மருத்துவர் முதல்ல தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்ப்பார். சில நிமிஷ வேலைதான்.